எஸ்பேட் பிழை: ஒரு ரீபூட்டா, இரண்டா?

ரூட்வாசி: "விண்டோஸ் அப்டேட்டுக்கு அப்புறம் உபுண்டு வரலையா, செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணு, முடிஞ்சுது" என்று பைனரி எழுதியிருக்கிறார். எது முடிந்தது? செக்யூர் பூட் என்பது, கையொப்பம் உள்ள பூட்லோடரை (ஓஎஸ்ஸை ஏற்றும் நிரல்) மட்டும் ஓடவிடும் காவல். 2024 ஆகஸ்ட் அப்டேட், உபுண்டுவின் பூட்லோடரான கிரப்பில் இருந்த ஓட்டைக்காக (சிவிஇ-2022-2601), ஓட்டையுள்ள பழைய பூட் நிரல்களைத் தடுக்கும் எஸ்பேட் தடைப்பட்டியலை மதர்போர்டு நினைவகத்தில் எழுதிவிட்டது. டூயல் பூட் மெஷின்களை (விண்டோஸ், லினக்ஸ் ரெண்டும் உள்ளவை) தொடாது என்றது மைக்ரோசாஃப்ட், தொட்டது. கிரப்புக்கு முன்னால் ஓடும் சிறு நிரலான ஷிம், பழையதாக இருந்தால் அந்தப் பட்டியலோடு தன்னையே சோதித்து, "செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்" காட்டி மெஷினை அணைத்துவிடும். டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது, ஓஎஸ்ஸைத் திரும்பப் போட வேண்டாம். தீர்வு இது: பயாஸில் (மெஷினின் ஆரம்ப செட்டிங்ஸ்) செக்யூர் பூட் ஆஃப். உபுண்டு டெர்மினலில் 'சூடோ மோக்யூட்டில் --செட்-எஸ்பேட்-பாலிசி டிலீட்'. ரீபூட் பண்ணி, ஆஃபிலேயே இன்னொரு தரம் உபுண்டுவுக்குள் போகணும். அப்புறம்தான் ஆன்.

பைனரி: அந்த ரெண்டாவது ரீபூட் எதுக்கு? கமாண்ட் கொடுத்தாச்சுன்னா நேரா பயாஸுக்குப் போய் ஆன் பண்ணிடலாம். ஒண்ணே போதும்.

ரூட்வாசி: கமாண்ட் எதையும் அழிக்காது. "அடுத்த பூட்டில் அழி" என்று குறித்து மட்டும் வைக்கும். அழிப்பது ஷிம். செக்யூர் பூட் ஆனில் இருந்தால் ஷிம் அழிக்காது. அதனால் ரெண்டு: கமாண்ட் கொடுக்க ஒன்று, ஷிம் அழிக்க ஒன்று.

கிரப்நேசன்: ரெண்டு பேருமே பிட்லாக்கரை (விண்டோஸ் டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற என்க்ரிப்ஷன்) விட்டுட்டீங்க. அது இருக்கிற மெஷின்ல செக்யூர் பூட்டைத் தொட்டா, விண்டோஸ் 48 இலக்க ரெகவரி கீ கேக்கும். மொதல்ல பூட் மெனுவுல 'விண்டோஸ் பூட் மேனேஜர்' வழியா உள்ளே போங்க, அது இன்னும் வேலை செய்யும். கீயை எழுதி வெச்சுட்டு பிட்லாக்கரை சஸ்பெண்ட் பண்ணுங்க.

பைனரி: பிட்லாக்கரை யார் கேட்டா? ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இழையிலயும் இப்படித்தான் நடுவுல வந்து குழப்புனீங்க.

கிரப்நேசன்: அங்கே நான் சொன்னதுதான் சரி. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன்ல இருந்தா விண்டோஸ் முழுசா அணையாது, பாதி ஹைபர்னேட் ஆகும். அந்த டிரைவ்ல லினக்ஸை எழுத விடக் கூடாது. அதை இன்னிவரைக்கும் ஒத்துக்கலையே நீங்க.

ரூட்வாசி: அதை அங்கே போய்ப் பேசுங்கள். இங்கே கேள்வி ரீபூட். 'மோக்யூட்டில் --லிஸ்ட்-எஸ்பேட்-ரெவொகேஷன்ஸ்' அடித்துப் பாருங்கள். 'எஸ்பேட்,1,2021030218' மட்டும் வந்தால் பட்டியல் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. கமாண்ட் கொடுத்தவுடன் அடித்தால் அது வராது. ஆஃபில் ஒரு பூட் போன பிறகுதான் வரும்.

பைனரி: செக்யூர் பூட்டை ஆஃபிலேயே விட்டா இந்த எண்ணிக்கையே வேண்டாம். வீட்டு லேப்டாப்புக்கு அது எதுக்கு?

ரூட்வாசி: ஆஃபிலேயே விட்டால் கையொப்பம் இல்லாத பூட்லோடரும் ஓடும். ஒரு ரீபூட்டுக்குச் சோம்பல்பட்டு அதைத் திறந்து போடச் சொல்கிறீர்கள். புதுசாக வருகிறவர்கள் உங்கள் பதிவைப் பார்த்து அப்படியே செய்வார்கள், அதுதான் எனக்குக் கோபம். ஆன் பண்ணும் முன் ஷிம், கிரப் ரெண்டையும் உபுண்டுவின் ஏப்ட் கமாண்டில் அப்டேட் பண்ணுங்கள்.

பைனரி: அப்டேட் பண்ணுங்க. ரீபூட் ஒண்ணுதான்.

ரூட்வாசி: ரெண்டு. ரெண்டும் செக்யூர் பூட் ஆஃபில்.