டல்சிமரில் ஏழு மெட்டு போதுமா, பன்னிரண்டு வேண்டுமா?

டென்னசியின் கிழக்குப் பக்கம் இருக்கிறேன். அப்பலாச்சிய மலைப் பகுதியின் வாத்தியமான மவுண்டன் டல்சிமரில் இரண்டு வகையும் எங்கள் வீட்டில் உண்டு. ஸ்தாயிக்கு ஏழு மெட்டு (விரல் வைக்கிற கம்பி) உள்ள டயட்டானிக் என்னுடையது, பன்னிரண்டு மெட்டு உள்ள குரோமாட்டிக் மனைவி வாங்கியது. இரண்டையும் மடியில் வைத்து வாசித்துப் பார்த்ததில் தோன்றியதைச் சொல்கிறேன்.

சின்ன வயதில் வீணை கற்றவன் நான். வீணையில் ஸ்தாயிக்குப் பன்னிரண்டு மெட்டு, எந்த ஸ்வரஸ்தானம் வேண்டுமானாலும் விரலுக்கு அடியிலேயே இருக்கும். பழைய பாணி டல்சிமரில் ஸ்தாயிக்கு ஏழுதான். கனத்த தந்தி, நடுத்தந்தி, பாட்டை வாசிக்கிற மெலடித் தந்தி மூன்றையும் டி–ஏ–டி என்று சுருதி கூட்டினால் ஸ, ப, மேல் ஸ. மெலடித் தந்தியில் வெறும் தந்தி தொடங்கி ஏழாவது மெட்டு வரை வரிசையாகப் போனால் அச்சு அசல் ஹரிகாம்போஜி. இப்போது வருகிற டயட்டானிக் டல்சிமர்களில் பெரும்பாலும் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே ‘ஆறரை’ என்று ஒரு மெட்டு கூடுதலாக இருக்கும். அது காகலி நிஷாதம். ஆகவே சங்கராபரணமும் அதே டியூனிங்கில் வந்துவிடும்.

வீணை பழகிய கை சும்மா இருக்குமா? சரளி வரிசை வாசிக்கலாம் என்று உட்கார்ந்தால், அதன் ராகமான மாயாமாளவகௌளைக்கு அங்கே இடமே இல்லை. சுத்த தைவதத்தையாவது நாலாம் மெட்டில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து ஒருவழியாக வரவழைக்கலாம். சுத்த ரிஷபத்துக்கு அந்த வழியும் கிடையாது. வெறும் தந்தியை எங்கே பிடித்து இழுப்பது? குரோமாட்டிக்கில் 0+, 4+ (ஆறரையை 6+ என்பது போல, ‘+’ என்றால் அடுத்து வரும் அரை மெட்டு) என்று அந்த இரண்டும் தயாராக நிற்கின்றன. 0, 0+, 2, 3, 4, 4+, 6+, 7. அவ்வளவுதான், ஸரிகமபதநிஸ. அன்று சாயங்காலம் முழுக்க மனைவி தன் டல்சிமரைக் கேட்டுக்கொண்டே இருந்தாள், நான் கொடுக்கவில்லை.

இன்னொரு இடம், ஓல்டு-டைம் ஜாம், அதாவது பழைய நாட்டுப்புறப் பாட்டுகளைக் கூடி உட்கார்ந்து வாசிப்பது. ஃபிடில்காரர்கள் டி-யில் வாசிக்கும்வரை நம் டயட்டானிக் ராஜாதான். அப்புறம் எல்லோரும் ஏ-வுக்குப் போவார்கள். நாலாம் மெட்டில் காப்போ (எல்லாத் தந்தியையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) மாட்டினால் ஏ-விலிருந்து தொடங்கலாம், ஆனால் மெலடித் தந்தியில் ஏ-வின் காகலி நிஷாதமான ஜி ஷார்ப் கிடையாது. ஆதார ஸ்வரத்துக்குக் கீழே வருகிற ஜி ஷார்ப் மட்டும் நடுத்தந்தியின் ஆறரையில் இருக்கிறது. பாட்டு ஓடுகிற ஓட்டத்தில் அங்கே தாவி எடுத்துத் திரும்ப வேண்டும். குரோமாட்டிக்கில் அதே காப்போ, டி-யில் பழகிய அதே விரல்கள், வேலை முடிந்தது. கிடார்காரர்களுடன் சேர்ந்து வாசிக்கிறவர்களுக்கு என் ஓட்டு குரோமாட்டிக்குக்கே.

*

அண்ணா, மாயாமாளவகௌளை விஷயம் சரி. ஆனால் டல்சிமரை வீணையாக்கப் பார்த்தால் டல்சிமரில் இருப்பது காதில் விழாமல் போய்விடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கென்டக்கியில் நாட் கவுண்டி என்று ஒரு மலை மாவட்டம். எட் தாமஸ் 1871 முதல் டல்சிமர் செய்து விற்றது அங்கேதான். அந்தப் பக்கம் போனபோது ஒரு பெரியவர் நோட்டர் வைத்து வாசித்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நோட்டர் என்பது விரல் நீளத்தில் ஒரு மூங்கில் துண்டு. அதை மெலடித் தந்தி மேல் அழுத்தி இழுத்துக்கொண்டே போகிறார், மற்ற தந்திகள் சுருதி மாதிரி விடாமல் ஒலிக்கின்றன. கட்டை தந்தியில் உரசுகிற ‘கீச்’ கூட அந்த இசையில் ஒரு பங்கு. பழைய டல்சிமர்களில் மெட்டுகளே மெலடித் தந்திக்கு அடியில் மட்டும்தான், வளைத்து அடித்த கம்பித் துண்டுகளாக இருக்கும். மற்ற தந்திகளில் விரல் வைக்கிற பேச்சே இல்லை.

இரண்டாம் மெட்டிலிருந்து நாலுக்கு நோட்டரை இழுத்தால் நடுவில் படுவது மூன்று மட்டும். அதுவும் ராகத்துக்குள் இருக்கிற ஸ்வரம், காதுக்குச் சுகமாக இருக்கும். அதே இழுப்பைத் தெரிந்தவர் ஒருவரின் குரோமாட்டிக்கில் செய்து பார்த்தேன். இல்லாத மத்யமம் ஒன்று குறுக்கே வந்து இடித்துவிட்டுப் போனது. ஒவ்வொரு தடவையும் நோட்டரைத் தூக்கித் தூக்கி வைக்க வேண்டியிருந்தது. அப்படியானால் நோட்டர் எதற்கு?

அந்தப் பெரியவர் சோகமான பாட்டுக்கு என்ன செய்தார் தெரியுமா? டி–ஏ–ஏ-வில் இருந்த மெலடித் தந்தியை முறுக்கி சி-க்கு ஏற்றினார். முதல் மெட்டு இப்போது ஸட்ஜம், அதிலிருந்து நடபைரவி. மெலடித் தந்தியை ஜி-க்கு இறக்கினால் நாலாம் மெட்டு ஸட்ஜமாகிக் கரகரப்ரியா. டி–ஏ–ஏ-விலேயே மூன்றாம் மெட்டிலிருந்து சங்கராபரணம். மெட்டுகள் ஒன்றுதான், ஒரு பிரடையை (தந்தியை முறுக்கும் ஆணி) திருப்புகிறார், ராகம் மாறுகிறது. உங்களுக்கு கிரக பேதம் (ஸட்ஜத்தை வேறு ஸ்வரத்துக்கு மாற்றி வேறு ராகம் காட்டுவது) தெரியுமே, அதையேதான் இந்த மலைக்காரர்கள் பெயர் வைக்காமல் செய்துகொண்டிருந்தார்கள். மெட்டு ஏழாக இருப்பதால்தான் இந்த வித்தை. பன்னிரண்டு இருந்தால் பிரடையை யார் தொடப்போகிறார்கள்?

*

ரெண்டு பேரும் சொன்னதற்கு நடுவில் ஒரு வழி இருக்கிறது. என் டயட்டானிக்கில் ஒன்றரை மெட்டு ஒன்று மட்டும் சேர்த்து அடிக்கச் சொன்னேன், வாத்தியம் செய்கிறவரிடமே. மெலடித் தந்தியில் எஃப் கிடைக்கிறது, நடுத்தந்தியில் சி. புளூஸ் பக்கம் கொஞ்சம் எட்டிப்பார்க்க அது போதும். நோட்டர் பிடிக்கிற அக்கா திட்டுவார், தெரியும்.

முழு குரோமாட்டிக் எனக்கு ஒத்துவராததற்குக் காரணம் இசை இல்லை, கண். 27 அங்குலத் தந்தி என்றால் டயட்டானிக்கில் முதல் மெட்டு கிட்டத்தட்ட மூன்று அங்குலம் தள்ளி இருக்கும், குனிந்து பார்க்காமலே கட்டைவிரல் போய் உட்காரும். குரோமாட்டிக்கில் அதே இடத்தில் ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு கம்பி. ஏழாவது மெட்டைத் தாண்டினால் முக்கால் அங்குலம்தான். எல்லாக் கம்பியும் ஒரே மாதிரி தெரிகிறது.

*

மேலே டென்னசி என்று எழுதியவன்தான். கண் விஷயத்துக்குத் தீர்வு உண்டு. மனைவி டயட்டானிக் மெட்டுகளுக்குப் பக்கத்தில் மட்டும் சின்னச் சின்னப் புள்ளி ஒட்டியிருக்கிறாள். கூடுதலாக வந்த ஐந்துக்கும், 0+, 1+, 3+, 4+, 6+, புள்ளி கிடையாது. பழைய டேப் (பாட்டை மெட்டு எண்களாக எழுதுவது) புத்தகத்தை அப்படியே வாசிக்கலாம். வாங்கும்போது ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: சிலர் குரோமாட்டிக்குக்கு கிடார் மாதிரி ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் போட்டு டேப் எழுதுகிறார்கள். அந்த முறையில் பழகிவிட்டால் டயட்டானிக்காரர்கள் ‘நாலாம் மெட்டு’ என்றால் நீங்கள் எஃப் ஷார்ப்பில் நிற்பீர்கள், அவர்கள் ஏ-வில் நிற்பார்கள்.

தங்கை சொன்ன நோட்டர் வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை, அது உண்மை. ஆனால் பிரடையைத் தொடமாட்டார்கள் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். குரோமாட்டிக்கை டி–ஏ–ஏ-வில் கூட்டி வைத்து வாசிக்கிறவர்களும் இருக்கிறார்கள். சரி, ஹிந்தோளம் யாராவது வாசித்துப் பார்த்தீர்களா? டி–ஏ–ஏ-விலிருந்து மெலடித் தந்தியை சி-க்கு ஏற்றினால் டயட்டானிக்கிலேயே 1, 3, 4, 6, 7, 8 என்று வந்துவிடும். ஒரே தொல்லை, அதில் பஞ்சமம் கிடையாது. நடுத்தந்தி ஏ-வோ விடாமல் பஞ்சமம் பாடிக்கொண்டே இருக்கும். அதை ஜி-க்கு இறக்கி மத்யம சுருதியாக்கிவிட்டு வாசியுங்கள்.