பாரிஸில் கைகொடுத்த நூலக ஊழியர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

பாரிஸ் அமெரிக்க நூலகத்தின் ஊழியர்களைப் பாத்திரங்களாக்கி எழுதிய நாவல் ஒன்றை இந்த வாரம் வாசித்து முடித்தேன். முதல் உலகப் போரில் படைவீரர்களுக்காக அனுப்பப்பட்ட புத்தகங்களைக் கொண்டு 1920இல் தொடங்கிய நூலகம் அது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் நகரைப் பிடித்த பிறகு யூத வாசகர்கள் உள்ளே வரத் தடை வந்தது. ஊழியர்கள் புத்தகங்களை எடுத்துக்கொண்டு அவர்களுடைய வீடுகளுக்கே போனார்கள். திடீர்ச் சோதனைக்கு வந்த கெஸ்டாபோ என்னும் நாஜி ரகசியப் போலீஸார், கைகளை உடனே உயர்த்தவில்லை என்று ஓர் ஊழியரைச் சுட்டார்கள். இவை கற்பனை அல்ல, நடந்தவை. நாவலில் காதலுக்குக் கொடுத்த பக்கங்களைக் குறைத்து, வீடு தேடிப் போன புத்தகங்களுக்கு இன்னும் இடம் கொடுத்திருக்கலாம்.

எனக்கும் இங்கே ஒரு நூலக ஊழியர் கைகொடுத்தார். பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலுக்குச் சாமான் வாங்கப் போகிறவர்களுக்குப் பஜோல் வீதிப் பிள்ளையார் கோயிலைத் தெரியாமல் இருக்காது. அதே வீதியில், பழைய ரயில்வே கொட்டகையில், 2013இல் திறந்த வாக்லாவ் ஹாவெல் நூலகம் இருக்கிறது. கோயிலுக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் அதற்குள் போயிருப்பார்கள்? நான் போனதற்குக் காரணம் குளிர். ஒற்றை அறை வீடு, கைக்குழந்தை, கணவருக்கு நள்ளிரவு வரை உணவக வேலை. உள்ளே போய் உட்கார அட்டையும் வேண்டாம், காசும் வேண்டாம்.

குழந்தைக்கு இருமல் விடாமல் இருந்த சமயம். மருத்துவரிடம் நேரம் வாங்கத் தொலைபேசியில் பேச வேண்டும். பிரெஞ்சு எனக்கு முகம் பார்த்துப் பேசினாலே பாதிதான் புரியும். தொலைபேசி என்றால் நாக்கு எழாது. அங்கே வேலை செய்த பெண்மணியிடம் கைச்சாடையில் சொன்னேன். அவர் எனக்காகப் பேசிவிடவில்லை. மூலை மேசைக்கு அழைத்துப்போய் எதிரே உட்கார்ந்து, கையையே தொலைபேசியாகக் காதில் வைத்துக்கொண்டு மருத்துவமனை வரவேற்பாளர் ஆகிவிட்டார். முதலில் நிதானமாகக் கேட்டார். பிறகு வேகமாக. அதற்கும் பிறகு, அவசரத்தில் இருப்பவர் எரிந்து விழுவதுபோல. பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்ல வைத்தார். தொலைபேசி எண்ணை இரண்டிரண்டு இலக்கமாகச் சொல்ல வைத்தார். அப்புறம்தான் என் கைப்பேசியைக் காட்டி, ‘இப்போது நீங்கள்’ என்றார். வியாழக்கிழமைக்கு நேரம் கிடைத்தது.

வீட்டிலும் கடையிலும் எல்லோரும் எனக்காகப் பேசிவிடுவார்கள், அன்போடுதான். என்னைப் பேச வைத்தவர் அவர் ஒருவர். அவருக்கு அது வேலை நேரத்தில் ஒரு கால் மணி நேரம். அப்படிப்பட்டவர்களை நீங்களும் சந்தித்திருப்பீர்கள். எழுதுங்கள்.

*

தங்கச்சி, நான் எண்பதுகளின் கடைசியில் வந்தவன். அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டு, உணவகத்தில் கோப்பை கழுவினேன். மதிய வேலைக்கும் இரவு வேலைக்கும் நடுவே சில மணி நேரம் சும்மா கிடக்கும். அறைக்குப் போய் வரவும் முடியாது. பொம்பிது கலை மையத்துப் பொது நூலகம் அப்போது இரவு பத்து வரை திறந்திருக்கும். செவ்வாய் மட்டும் விடுமுறை. யாரும் பெயர் கேட்க மாட்டார்கள். அங்கே மொழி படிக்கும் பகுதியில் ஒலிநாடாவைப் போட்டு, காதில் மாட்டிக்கொண்டு உட்காருவேன். கை முழுக்கச் சவர்க்கார வாசம்.

ஒரு நாள் வேலை அலுப்பில் மேசையிலேயே தூங்கிவிட்டேன். தட்டி எழுப்பி வெளியே அனுப்பப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஊழியர் நாடாவைத் தொடக்கத்துக்குச் சுற்றி வைத்துவிட்டுப் போயிருந்தார். 1981இல் எங்கள் யாழ்ப்பாண நூலகம் தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்களோடு எரிந்தபோது நான் பள்ளி மாணவன். நூலகம் என்றாலே அந்தச் சாம்பல்தான் நினைவில் நின்றது. அந்த மனிதரின் தயவால் நான் நூலகத்துக்குள் மறுபடியும் நிம்மதியாக உட்கார முடிந்தது. அவர் பெயரைக் கேட்டு வைக்கும் அளவுக்கு அப்போது எனக்கு மொழி இல்லை.

*

அண்ணா, நான் புதுச்சேரியிலிருந்து படிக்க வந்தவள். நீங்கள் சொல்லும் நூலகம், பொம்பிது மையத்தைப் புதுப்பிப்பதால் 2025இல் 12ஆம் வட்டாரத்துக்கு இடம் மாறியிருக்கிறது. இப்போதும் இலவசம்தான், உறுப்பினர் பதிவும் இல்லை. பழைய இடத்துக்குப் போய் யாரும் ஏமாற வேண்டாம். அக்கா, பஜோல் வீதிக்கு இந்தச் சனிக்கிழமை நான் வருகிறேன். அந்தப் பெண்மணி இன்னும் அங்கே வேலை செய்கிறாரா?