பொருள்: ‘கருமுட்டை தானம்’ வேண்டாம், ‘கருநிலைத் தத்து’ சரிவருமா?

அன்புள்ள தந்தை அவர்களுக்கும் குழுவினருக்கும் வணக்கம். நம் கத்தோலிக்க அறநெறிக் கையேட்டில் கரு தொடர்பான சொற்களை எப்படித் தமிழாக்குவது என்று நீங்கள் கேட்டவற்றுக்கு, உங்கள் வரிகளின் கீழேயே பதில் எழுதியிருக்கிறேன்.

> ‘எம்பிரியோ அடாப்ஷன்’ என்பதற்குக் ‘கருமுட்டை தானம்’ என்றே போட்டுவிடலாமா? மருத்துவமனைகளில் அப்படித்தான் வழங்குகிறது.

வேண்டாம் தந்தையே. உறையவைத்துக் கைவிடப்பட்ட கருவை வேறொரு பெண் தன் வயிற்றில் சுமந்து, பிள்ளையாக ஏற்பதுதானே ‘எம்பிரியோ அடாப்ஷன்’? கையேட்டில் வேறு எந்தச் சொல் பிசகினாலும் பொறுத்துக்கொள்ளலாம், இது பிசகக் கூடாது. 2022-இல் ஈரோட்டுச் சிறுமியின் வழக்கைப் பத்திரிகைகள் ‘கருமுட்டை விற்பனை’ என்று எழுதின. அங்கே பேச்சு, விந்தணு சேராத முட்டையைப் பற்றியது. விந்தணு சேர்ந்த முட்டையைக் கருமுட்டை என்று எழுதும் பாடநூல்களும் இருக்கின்றன. அறநெறியைப் பொறுத்தவரை இவ்விரண்டுக்கும் இடையில்தான் எல்லாமே இருக்கிறது.

2008-இல் வந்த வத்திக்கான் ஆவணமான ‘திக்னித்தாஸ் பெர்சோனே’ முட்டை, கரு இரண்டையும் பிரித்தே பேசுகிறது. கருவை உறையவைப்பது மனிதக் கருவுக்குரிய மதிப்புக்கே ஒவ்வாதது என்கிறது 18-ஆம் பத்தி. முட்டையை உறையவைப்பது 20-ஆம் பத்தியில் வருகிறது. செயற்கைக் கருவுறுத்தலுக்குப் பயன்படுத்துவதற்காக அப்படிச் செய்வதை ஏற்க முடியாது என்று, அங்கே நோக்கத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லப்படுகிறது. ஒரே சொல்லால் இரண்டையும் மொழிபெயர்த்தால் வாசகருக்கு இந்த வேறுபாடு எப்படிப் புலப்படும்?

எங்கள் பங்கில் ஓர் இளந்தம்பதி ஒப்புதல் படிவம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார்கள். ‘உறைநிலையில் உள்ள கருமுட்டைகள்’ என்று ஒரு வரி, பக்கத்தில் எண்ணிக்கை எழுத ஒரு கட்டம், கீழே கையெழுத்துக்கு இடம். அந்தப் பெண் கேட்டார்: “இது என் முட்டையா, எங்கள் பிள்ளையா?” படிவத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தும் எங்களால் சொல்ல முடியவில்லை. மருத்துவரிடம் மறுபடி போய்க் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள்.

ஆகவே விந்தணு சேராதது ‘சினைமுட்டை’. சினைப்பை என்ற சொல் ஸ்கேன் சீட்டுகளிலேயே இருப்பதால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சேர்ந்த நொடியிலிருந்து ‘கரு’. கருமுட்டையைக் கையேட்டிலிருந்து அறவே நீக்கிவிடுவோம்.

> இலங்கையில் நுகம், முளையம் என்று படிநிலைக்கு ஒரு சொல் வைத்திருக்கிறோம். அவற்றையே எடுத்துக்கொண்டால் என்ன?

அக்கா, விந்தணு சேர்ந்த முதல் உயிரணுவான சைகோட்டுக்கு நுகம், அதன் பின் வரும் எம்பிரியோவுக்கு முளையம் என்பவை உயிரியல் வகுப்புக்கு அருமையான சொற்கள். அறநெறிக் கையேட்டில்தான் எனக்குத் தயக்கம். வத்திக்கானின் நம்பிக்கைக் கோட்பாட்டுப் பேராயம் கர்தினால் ராட்சிங்கரின் தலைமையில் 1987-இல் வெளியிட்ட ‘தோனும் வீத்தே’ என்ற ஆவணத்தின் அடிக்குறிப்பு ஒன்றைப் பாருங்கள். சைகோட், ப்ரீ-எம்பிரியோ, எம்பிரியோ, ஃபீட்டஸ் ஆகியவை உயிரியலில் அடுத்தடுத்த நிலைகளைக் குறிக்கலாம், இந்த ஆவணத்திலோ அவை எல்லாவற்றுக்கும் அறநெறி முக்கியத்துவம் ஒன்றே என்கிறது. அது எழுதப்பட்ட காலத்தை மறக்கக் கூடாது. 1984-இல் பிரிட்டனில் அரசு அமைத்த வார்னாக் குழு, கருவை வைத்து ஆய்வு செய்வதற்குப் பதினான்கு நாள் வரம்பைப் பரிந்துரைத்திருந்தது. அந்த நாள்களுக்குள் இருப்பதைக் குறிக்க ‘ப்ரீ-எம்பிரியோ’ என்ற சொல்லும் புழக்கத்துக்கு வந்துகொண்டிருந்தது. நாம் அதை ‘முன்கரு’ என்று தனியாக நிறுத்தினால், ஆவணம் ஏற்காத கோட்டை நாமே போட்டுக் கொடுத்தவர்கள் ஆவோம். நிலையைச் சொல்லியே ஆக வேண்டிய இடத்தில் ‘மூன்று நாள் கரு’, ‘எட்டு வாரக் கரு’ என்று எழுதலாம்.

ஆனால் இலங்கையில் வழங்கும் ‘கருக்கட்டல்’ என்ற உங்கள் சொல்லை இரு கையாலும் வாங்கிக்கொள்கிறேன். கருத்தரிப்பு என்றால் தரிப்பவள் ஒருத்தி வேண்டும். ஆய்வகத் தட்டில் முட்டையும் விந்தணுவும் சேரும்போது யாரும் எதையும் தரிக்கவில்லை. கருக்கட்டல் அந்த நிகழ்வை மட்டும் சொல்கிறது.

இனி, தானமா தத்தா? 1996 ஆகஸ்டில், கருக்களை உறையவைத்துப் பாதுகாக்கப் பிரிட்டனின் சட்டம் வைத்த ஐந்தாண்டுக் கெடு முடிந்து, 3,000-க்கும் மேற்பட்ட உறைகருக்கள் அழிக்கப்பட்டன. அவற்றைத் தங்கள் வயிற்றில் சுமக்க முன்வந்த பெண்களும் இருந்தார்கள். கருக்களை உருவாக்குவதையே நிறுத்துங்கள் என்று அதே ஆண்டில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் மருத்துவர்களை வேண்டினார். திரவ நைட்ரஜனில், −196 டிகிரியில் காத்திருக்கும் கருக்களை என்ன செய்வது என்ற கேள்விக்கு 2008 ஆவணத்தின் 19-ஆம் பத்தி தரும் பதில் என்னை இன்றும் உலுக்குகிறது. தத்தெடுக்க நினைப்பவரின் எண்ணத்தை அது பாராட்டுகிறது. ஆனாலும் வாடகைத்தாய் முறையில் உள்ளவற்றைப் போன்ற சிக்கல்கள் இதிலும் உண்டு என்கிறது. கைவிடப்பட்ட கருக்களின் நிலை, தீர்வே காண முடியாத ஓர் அநீதி என்று ஒப்புக்கொள்கிறது.

தானம் என்றால் இந்தக் கனம் முழுவதும் காணாமல் போய்விடும். இரத்தத்தை, கண்ணைத் தானம் செய்கிறோம், பிள்ளையைத் தானம் செய்வதில்லை. எனவே என் பரிந்துரை ‘கருநிலைத் தத்து’. ‘நிலை’ சேரும்போது கரு என்பது கைமாறும் பொருளாக இல்லாமல் ஒருவர் வாழும் பருவமாகிறது.

> தத்து என்றாலே திருச்சபை அனுமதித்துவிட்டது போல ஆகாதா?

நியாயமான கவலை. ஆவணமே அந்தச் சொல்லை மேற்கோள்குறிக்குள்தான் வைத்திருக்கிறது, ஆகவே தமிழிலும் குறியை விட்டுவிடக் கூடாது. செயற்கைக் கருவுறுத்தல் பற்றிய இந்தியாவின் 2021-ஆம் ஆண்டுச் சட்டம் வருமிடத்தில் மட்டும் தானம் என்ற சொல் இருக்கட்டும். பத்தாண்டு முடிந்ததும் கருவை அழியவிடலாம் அல்லது தம்பதியின் ஒப்புதலோடு ஆய்வுக்குக் கொடுக்கலாம் என்பதுதான் அந்தச் சட்டம், அங்கே பேசப்படுவது தானமே.

செயற்கைக் கருவுறுத்தலின் இரு வகைகளான ஹோமோலோகஸ், ஹெட்டரோலோகஸ் இரண்டுக்கும் ‘தம்பதிவழி’, ‘பிறர்வழி’ என்று குறித்து வைத்திருக்கிறேன். முன்னதில் கணவன் மனைவியின் உயிரணுக்கள் மட்டும், பின்னதில் மூன்றாமவருடையதும் உண்டு. ஹோமோலோகஸுக்கு ‘ஒத்தமை’ என்று போடவில்லை, அது உயிரியலில் வேறு பொருளுக்குப் போய்விட்டது. அச்சுக்குப் போகுமுன் இந்த இணையைப் பற்றி அக்காவும் மற்றவர்களும் சொல்ல வேண்டும்.

அன்புடன்.