கதீட்ரல் என்று நம்பிப் போன இடங்கள்: உங்கள் அனுபவம் என்ன?

ரோமில் புனித பேதுரு பேராலயத்தின் குவிமாடத்தை அண்ணாந்து பார்த்தபடி, "உலகத்திலேயே பெரிய கதீட்ரல் இதுதான்" என்று உடன் வந்தவர்களிடம் சொன்னேன். எங்களை அழைத்துப் போன அருட்சகோதரி மெதுவாகத் திருத்தினார்: "இது கதீட்ரல் இல்லை. ரோம் ஆயரின், அதாவது பிஷப்பின், இருக்கை லாத்தரன் பேராலயத்தில் இருக்கிறது."

எனக்கு நம்பவே முடியவில்லை. 'கதீட்ரா' என்றால் இருக்கை என்று படித்திருந்தேன். அந்த இருக்கையோ கண்ணெதிரே இருந்தது. பீடத்துக்குப் பின்னால், திருச்சபையின் பேரறிஞர்களான நான்கு மறைவல்லுநர்களின் சிலைகள் தாங்கி நிற்க, சிற்பி பெர்னினி வார்த்த வெண்கல நாற்காலி. அதன் உள்ளே இருப்பது பேதுருவின் பெயரால் போற்றப்படும் பழைய மர நாற்காலி என்று அவர் விளக்கினார். அது வணங்கிப் போற்றும் நினைவுப்பொருள். அதில் யாரும் உட்காருவதில்லை.

மறுநாள் லாத்தரன். "நகரிலும் உலகிலும் உள்ள எல்லா ஆலயங்களுக்கும் தாயும் தலையும்" என்று முகப்பிலேயே லத்தீனில் பொறித்திருக்கிறார்கள். ஆலயத்தின் கோடியில் படிகளுக்கு மேலே பளிங்கு இருக்கை. திருத்தந்தை (போப்) ரோமின் ஆயராகப் பொறுப்பேற்பது அங்கேதான். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பசிலிக்கா, கதீட்ரல் இரண்டையுமே நாம் பேராலயம் என்கிறோம். அந்தச் சொல்லே நம்மை அளவின் பக்கம் இழுத்துவிடுகிறது. பசிலிக்கா என்பது ஓர் ஆலயத்துக்குக் கிடைக்கும் சிறப்புப் பட்டம். கதீட்ரல் என்பது ஆயரின் இருக்கை உள்ள ஆலயம், சின்னதாக இருந்தாலும். லாத்தரன் இரண்டும்தான்.

*

எனக்கு நடந்தது இதற்கு நேர்மாறு. எடின்பரோவில் செயின்ட் ஜைல்ஸ் கதீட்ரலில் ஆயரின் இருக்கை எது என்று கேட்டேன். "எங்கள் சபையில் ஆயரே கிடையாதே" என்றார் வாசலில் வரவேற்ற அம்மா. ஸ்காட்லாந்து திருச்சபை பிரஸ்பிட்டேரியன். போதகர்களும் மூப்பர்களும் கூடும் மன்றங்கள்தான் அதை நடத்துகின்றன. 1633-இல் மன்னர் முதலாம் சார்லஸ் எடின்பரோவுக்கு ஓர் ஆயரை ஏற்படுத்தியபோது ஒட்டிய பெயர்தான் 'கதீட்ரல்'. 1689-க்குப் பிறகு அந்தச் சபையில் ஆயர்களே இல்லை. பெயர் மட்டும் தங்கிவிட்டது.

*

கலிஃபோர்னியாவின் கார்டன் குரோவுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை அது 'கிரிஸ்டல் கதீட்ரல்'. 1980-இல் திறந்த கண்ணாடி மாளிகை; ஆயர் இல்லாத சீர்திருத்த சபையினர் கட்டியது. கடனில் மூழ்கி விற்பனைக்கு வந்ததும் கத்தோலிக்க மறைமாவட்டம் வாங்கியது. 2019-இல் 'கிறிஸ்து கதீட்ரல்' என்று அர்ப்பணித்தார்கள். இரண்டாம் முறை போனபோதும் அதே கண்ணாடிதான், அதே வெளிச்சம்தான். ஆனால் உள்ளே ஆயருக்கு ஓர் இருக்கை வந்திருந்தது.

*

ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் வழக்கு வேறு. கிரெம்ளினில் ஒரே சதுக்கத்தைச் சுற்றி மூன்று 'சபோர்' பார்த்தேன். மூன்றையும் கதீட்ரல் என்றே மொழிபெயர்க்கிறார்கள். சபோர் என்றால் கூட்டம், கூடுகை. முக்கியமான ஆலயங்களுக்குத் தரும் பெயர். ஆயரின் இருக்கை உள்ளதைத் தனியாகக் குறிக்க 'கஃபெத்ரால்னி சபோர்' என்கிறார்கள்.

*

நான் ஒரு கதீட்ரலில் பீடச் சிறுவனாக இருந்தவன். சனிக்கிழமைகளில் அந்த நாற்காலியைத் துடைப்பது என் வேலை. மரக் கைப்பிடி, சிவப்பு மெத்தை, பின்சுவரில் ஆயரின் இலச்சினை. நாள்தோறும் திருப்பலி வைக்கும் பங்குத்தந்தை அதில் உட்காரமாட்டார். அவருக்குப் பக்கத்தில் வேறு நாற்காலி.

எங்கள் ஆயர் இறந்ததும் இலச்சினையைக் கழற்றினார்கள். சுவரில் நான்கு ஆணித் துளைகள். திருப்பலியின் நற்கருணை மன்றாட்டில் திருத்தந்தையின் பெயரைச் சொன்னதும், ஆயரின் பெயர் வரவேண்டிய இடத்தைக் குருவானவர் அப்படியே கடந்து போவார். ஒவ்வொரு முறையும் என் காது அந்தப் பெயரைத் தேடும். யாரும் உட்காராத நாற்காலியை அப்போதும் துடைத்தேன்.

புதிய ஆயர் வந்த அன்று நியமனக் கடிதத்தை எல்லோரும் கேட்க வாசித்தார்கள். அவர் படியேறி, அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கோவில் முழுக்கக் கைதட்டியது. நான் செங்கோலைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தேன்.