பிஎச்.டி. இடம்: நாற்பது மெயில் அனுப்பியும் பதில் இல்லை

கேள்வி (மென்படலம்):
எம்.எஸ்சி. இயற்பியல், மென்படலத்தில் ப்ராஜெக்ட். கேட் (முதுநிலை நுழைவுத் தேர்வு) ஸ்கோர் இருக்கிறது. நெட் தேர்வில் உதவிப் பேராசிரியர் தகுதி மட்டும், ஜே.ஆர்.எஃப். (ஆய்வு மாணவருக்கான உதவித்தொகை) கிடைக்கவில்லை. சென்னை, பெங்களூரு, காரைக்குடி என்று நாற்பது பேருக்கு எழுதியும் பதில் இல்லை. ஜே.ஆர்.எஃப். இல்லாதவர்களுக்கு இடமே கிடையாதா?

பதில் (கால்வனோ):
இருக்கிறது. நெட் ஜே.ஆர்.எஃப். வேறு, பேராசிரியரின் திட்டநிதியில் வரும் ஜே.ஆர்.எஃப். பணி வேறு. பெயர் ஒன்றாக இருப்பதால்தான் இந்தக் குழப்பம். இரண்டாவதற்கு உங்கள் கேட் போதும், நெட் உதவிப் பேராசிரியர் தகுதியும் செல்லும். 2023 ஜனவரி முதல் தொகை மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும். கேட் ஸ்கோர் மூன்று ஆண்டுதான் செல்லும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

யாரிடம் பணம் இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள். அவருடைய அண்மைக் கட்டுரையின் கடைசியில் நன்றியுரை இருக்குமல்லவா, அங்கே 'சி.ஆர்.ஜி./2023/' போலத் தொடங்கும் எண் இருக்கிறதா பாருங்கள். அது மத்திய அரசு பேராசிரியர்களுக்கு வழங்கிவந்த ஆய்வு நிதியின் எண், நடுவில் இருப்பது ஆண்டு. அந்த வகை நிதி மூன்று ஆண்டுக்கு. எண்ணில் 2019 என்றிருந்தால் அந்தப் பணம் தீர்ந்திருக்கும். மூன்று ஆண்டு இன்னும் முடியவில்லை என்றால் எழுதலாம். ஐ.ஐ.டி. மெட்ராஸில் திட்டப் பணி விளம்பரங்களை, வெளி நிதி ஆய்வுகளைக் கவனிக்கும் ஐ.சி.எஸ்.ஆர். அலுவலகத் தளம் வெளியிடுகிறது. துறைப் பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் தவறிப்போகும். காரைக்குடியில் உள்ள மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரிக்கு அதன் சொந்தத் தளமே போதும்.

பதில் (வெற்றிடக்குழாய்):
நாற்பது பேருக்கும் ஒரே மெயிலா? அதுதான் கோளாறு. 'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் ஆய்வில் மிகுந்த ஆர்வம்' என்று தொடங்கினால் இரண்டாவது வரிக்கு யாரும் போகமாட்டார்கள். தலைப்பிலேயே 'எம்.எஸ்சி. இயற்பியல், கேட், ஸ்பட்டரிங் அனுபவம்' என்று, மென்படலம் படியவைக்க நீங்கள் பயன்படுத்திய முறையோடு போடுங்கள். எந்தக் கருவியை நீங்களே இயக்கினீர்கள், எதற்கு மாதிரியை வெளியே அனுப்பினீர்கள் என்று பிரித்துச் சொல்லுங்கள். பிறகு அவர் கட்டுரை ஒன்றைப் பற்றி ஒரே ஒரு கேள்வி. இரண்டு பக்க சி.வி. ஒரே பி.டி.எஃப்.ஆக. பத்து நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம்.

நேர்காணலில் உங்கள் ப்ராஜெக்டைத்தான் குடைவார்கள். எக்ஸ்.ஆர்.டி. (எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு) எடுத்து, உச்சியின் அகலத்திலிருந்து படிக அளவைத் தரும் ஷெரர் சமன்பாட்டில் கணக்கிட்டிருந்தால், அந்த அகலத்தில் கருவியின் பங்கைக் கழித்தீர்களா என்று கேட்பார்கள். கழிக்காவிட்டால் அகலம் கூடி, படிகம் உண்மையைவிடச் சின்னதாகக் காட்டும்.

பதில் (கால்வனோ):
ஒன்று விட்டுப்போச்சு. திட்ட ஜே.ஆர்.எஃப். ஆகச் சேர்ந்தாலும் பிஎச்.டி. பதிவு தானாக வராது, நிறுவனத்தின் சேர்க்கைத் தேர்வைத் தனியாகத் தாண்டணும். சிக்ரி போன்ற சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகம் என்றால், அந்த ஆய்வகங்களுக்குப் பட்டம் தரும் அக்சிர் வழியாக, ஜனவரி, ஆகஸ்ட் என இரண்டு சேர்க்கை. ஆகவே சேரும் முன்பே மூன்று விஷயம் கேளுங்கள்: திட்டம் எந்த மாதம் முடிகிறது, பதிவுக்கு எப்போது விண்ணப்பிக்கலாம், திட்டம் முடிந்தபின் சம்பளம் எங்கிருந்து வரும். மூன்று ஆண்டுத் திட்டத்தில் இரண்டாம் ஆண்டு சேர்ந்தவர், ஆய்வு பாதியில் நிற்கும்போது தொகை நின்று தவிப்பது அடிக்கடி நடப்பது. மூன்றாவது கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால், அந்த இடத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஐ.ஐ.டி. வழக்கமான சேர்க்கைக்கும் போட்டுவையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. நன்றியுரை எண்ணை இதுவரை கவனித்ததே இல்லை. பட்டியலை அதை வைத்து மறுபடி சலிக்கிறேன்.