மறுமொழி: சஸ்பென்ஷன் புஷ் – ‘சும்மாடு’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

வண்டிப் பாகங்களுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில், சஸ்பென்ஷனில் (சக்கரம் வாங்கும் அதிர்ச்சியைத் தாங்கும் அமைப்பில்) இரும்புப் பாகங்கள் சேரும் இடத்தில் செருகும் புஷ் என்ற சாமானுக்கு இதுவரை ‘உள்ளுறை’, ‘அதிர்வுறை’, ‘இரப்பர் வளையம்’ என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றிலும் ஒரு குறை. அந்தச் சாமான் வண்டிக்கு அடியில் என்ன வேலை பார்க்கிறது என்பது எதிலும் வரவில்லை. உறை என்றால் மூடுவது. புஷ் எதையும் மூடவில்லை, பாரத்தை வாங்குகிறது. ஆகவே ‘சும்மாடு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். திண்டுக்கல் நண்பர் தன் ஜிம்னிக்கு (மாருதியின் கரடுமுரடுப் பாதை வண்டி) இரப்பர் புஷ் போடுவதா, பாலியுரேத்தேன் என்ற கடினமான செயற்கைப் பொருளில் செய்த புஷ் போடுவதா என்று கேட்டிருந்தார். அதற்கும் இதற்குள்ளேயே பதில் வந்துவிடும்.

மதுரைக் கீழமாசி வீதியில் மூட்டை இறக்குபவர் துண்டைச் சுருட்டித் தலையில் வைப்பாரே, அது சும்மாடு. சுமைக்கும் தலைக்கும் நடுவில் இருந்து நசுங்கிக் கொடுக்கும். சுமை கொஞ்சம் அசைந்தாலும் பிடி விடாது. சஸ்பென்ஷன் புஷ் செய்வதும் இதுதான். அச்சையோ சக்கரத்தையோ பிடிக்கும் இரும்புக் கைக்கும் வண்டியின் சட்டத்துக்கும் நடுவில் இருந்து அடியை வாங்குகிறது, அசைவுக்கு இடம் கொடுக்கிறது.

இனி இரப்பர். ஜிம்னியில் இருப்பது போன்ற புஷ்ஷில் உள்ளே ஓர் இரும்புக் குழல், வெளியே ஓர் இரும்புக் குழல், நடுவில் இரண்டோடும் ஒட்டிய இரப்பர். போல்ட்டை முடுக்கியதும் உட்குழல் அசையாது. கை மேலும் கீழும் போகும்போது அங்கே எதுவும் உருள்வதில்லை, இரப்பர்தான் முறுக்கிக்கொண்டு திரும்புகிறது. இதனால்தான் வண்டி சக்கரத்தில் நின்று, முழு எடையும் இறங்கிய பிறகு கடைசி முடுக்கு முடுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கவிட்டபடியே முடுக்கினால், கீழே இறக்கியதுமே இரப்பர் முறுக்கிக்கொண்ட நிலைக்குப் போய்விடும். புதுப் புஷ் சீக்கிரமே கிழிந்து, ‘சாமான் சரியில்லை’ என்ற பேர் வாங்கும். எத்தனையோ நல்ல புஷ்களை இப்படித்தான் கெடுக்கிறார்கள்.

பாலியுரேத்தேன் வேறு வகை. அது பெரும்பாலும் குழலோடு ஒட்டியிருக்காது. இரண்டு பாதியாகக் கையாலேயே செருகி, நடுவில் குழலை விடலாம். அழுத்தி ஏற்றும் பிரஸ் எந்திரம் தேவையில்லை. குழல் அதற்குள் சுழல்கிறது, முறுக்கு என்பதே கிடையாது. ஆனால் சுழல வேண்டுமானால் கிரீஸ் வேண்டும், அதுவும் சிலிகான் கிரீஸ். வைகை மணலிலும் மேலூர் குவாரிப் பாதைத் தூசியிலும் ஓட்டினால் அந்த இடுக்கில் மணல் போய் உட்காரும். அப்புறம் ஒவ்வொரு வேகத்தடையிலும் கீச், கீச். கழற்றித் துடைத்து மறுபடி கிரீஸ் போடும் பொறுமை உள்ளவருக்கே அது சரி.

கடினத்திலும் வித்தியாசம் உண்டு. கடினத்தை அளக்கும் ஷோர் ஏ அளவில் (எண் கூடினால் கடினமும் கூடும்) இரப்பர் புஷ் சாதாரணமாக 55 முதல் 70 வரை, பாலியுரேத்தேன் 80 முதல் 95 வரை. எண்ணெய் பட்டால் இரப்பர் ஊதிப் பொதபொதவென்று ஆகிவிடும், மதுரை வெயிலில் வருடக்கணக்கில் வெந்தால் வெடிக்கும். பாலியுரேத்தேன் எண்ணெயைத் தாங்கும். தார்ச்சாலையில் வேகமாகத் திருப்பும்போது வண்டி அலையாமல் நிற்கும். இதைக் கேட்டதும் எல்லா இடத்திலும் அதையே போடலாம் என்று தோன்றும். அது தப்பு.

ஜிம்னியின் முன் கை ஒவ்வொன்றும் அச்சை இரண்டு புஷ்களால் பிடிக்கிறது. சிறுமலைப் பக்கம் கல்பாதையில் ஒரு சக்கரம் பாறைமேல் ஏற, மறுசக்கரம் பள்ளத்தில் இறங்கினால் அச்சு சாய்கிறது. அந்தச் சாய்வுக்கு நான்கு புஷ்களும் நசுங்கி, கோணி இடம் கொடுக்க வேண்டும். இரப்பர் கொடுக்கும். கடினமான பாலியுரேத்தேன் முரண்டு பிடிக்கும். சக்கரம் தரையை விட்டுத் தூக்கும், கொடுக்க வேண்டிய அசைவு கையை மாட்டும் பிராக்கெட்டின் வெல்டிங்கில் போய் இழுக்கும். ஆகவே கைகளுக்கு இரப்பர்தான். அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்ட் ராடுக்கு பாலியுரேத்தேன் போடலாம். அங்கே பெரும்பாலும் ஒரே தளத்தில்தான் திருப்பம். 1985இல் வந்த பழைய மாருதி ஜிப்சியின் பட்டை ஸ்பிரிங் காதுகளுக்கும் (சுருட்டிய முனைகளுக்கும்) போடலாம், ஆனால் மேடுபள்ளம்தான் உங்கள் வழி என்றால் அங்கேயும் இரப்பரே என் விருப்பம்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். ஸ்டார்ட்டர் மோட்டாரில் இருக்கும் வெண்கலப் புஷ்ஷையும் இதையும் ஒரே சொல்லால் அழைக்க வேண்டியதில்லை. வெண்கலம் நசுங்காது, தண்டு அதற்குள் சுழலும், அவ்வளவுதான். அதற்கு ‘உள்ளுறை’ நன்றாகப் பொருந்தும். இரப்பர் நசுங்கும், முறுக்கிக்கொள்ளும், சுழலாது. பாலியுரேத்தேன் நடுவில் நிற்கிறது: கொஞ்சம் நசுங்கும், சுழலவும் செய்யும். எனவே பொதுச்சொல் ‘சும்மாடு’. ஒட்டிய இரப்பருக்கு ‘முறுக்குச் சும்மாடு’, குழல் சுழலும் வகைக்கு ‘சுழல்சும்மாடு’. பின்னது வினைத்தொகை, வல்லினம் மிகாது. இப்படிப் பிரித்துவிட்டால் தொழிற்பயிற்சி மாணவருக்கு வேலையும் பாதி புரிந்துவிடும்: முறுக்குச் சும்மாடு என்றால் எடை இறங்கியபின் முடுக்கு, சுழல்சும்மாடு என்றால் கிரீஸ் போடு.

பட்டறையில் புஷ் என்றே சொல்லட்டும். ‘புஸ்ஸு போச்சுண்ணே’ என்று புதூரில் சொன்னால் எல்லாருக்கும் புரிகிறது, அதை மாற்ற யாரும் கிளம்ப வேண்டாம். நான் கேட்பது பாடநூலுக்கும் நம் சொற்பட்டியலுக்கும். சும்மாடு தலைச்சுமைக்கு உரிய சொல், எந்திரத்துக்கு வேண்டாம் என்று மறுப்பு வரலாம். குடம் என்பதும் தண்ணீர்க்குடம்தான், வண்டிச் சக்கரத்தின் நடுப்பகுதியையும் குடம் என்றுதானே நம் ஆசாரிகள் சொல்கிறார்கள்?

பட்டியலில் ஏற்றும்போது விளக்கத்தில் ‘இரப்பரால் ஆனது’ என்று எழுத வேண்டாம், செய்யும் வேலையை மட்டும் எழுதுங்கள். பட்டை ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சட்டத்தோடு இணைத்து ஆட விடும் ஷேக்கிளுக்கு இன்னும் நல்ல சொல் அமையவில்லை. லாரிப் பட்டறைகளில் ஏதாவது தமிழ்ச்சொல் புழங்கினால் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.