இத்தனை வருடம் விசாரிக்காத சிநேகிதி வீட்டுக்கு என்ன கொண்டு போவது?

தண்ணீரூற்று கேட்கிறார்:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கிளிநொச்சிக்காரி. 1996இல் ஊரோடு இடம்பெயர்ந்தபோது எங்கள் குடும்பம் முள்ளியவளைப் பக்கம் போய், தண்ணீரூற்றில் ஒரு வளவுக்குள் கொட்டில் போட்டு இருந்தது. அந்த வளவுக்காரரின் மகளுக்கும் என் வயதுதான். உயர்தரத்துக்கு இரண்டு பேரும் கலைப்பிரிவு. மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெயும் அளந்து அளந்துதான். இரண்டு வீட்டுக்கும் பொதுவாகப் படிக்க ஒரே ஒரு ஜாம் போத்தல் விளக்கு, அதுவும் அவளுடையது.

அந்த விளக்கைக் காணாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு. அது நனையுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய். கம்பியை வளைத்து, சைக்கிள் ரியூப்பின் வால்வுக் கட்டையை அதில் நிறுத்தி, அதற்குள்ளால் நூல்திரி. சுடர் போத்தலுக்குள்ளேயே நிற்கும், கண்ணாடிதான் சிமினி. காற்றுக்கு அணையாது, எண்ணெயும் அதிகம் குடிக்காது. ஆனால் வெளிச்சம் ஒரு கொப்பிக்குத்தான் காணும். அதனால் நான் சத்தமாக வாசிப்பேன், அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். பிறகு அவள் வாசிப்பாள், நான் கேட்பேன். விடிய எழும்பி சாம்பல் தொட்டுப் போத்தலின் கரியைத் துடைப்பது என் வேலை. விரல் அடிவரை போகாது. அங்கே ஒரு கரிவளையம் எப்போதும் மிச்சமிருக்கும். அவள் போத்தலை வெயிலில் தூக்கிப் பார்த்து என்னைப் பேசுவாள்.

ஒருமுறை எங்கிருந்தோ இன்னொரு போத்தல் கிடைத்தது. எண்ணெய் விடமுதல் மூடியைத் திறந்து மணந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இதுக்குள்ள இருந்த ஜாம் எப்பிடியடி இருந்திருக்கும்?" அத்தனை நாள் அந்தப் போத்தல்களில் படித்தோம், ஒரு கரண்டி ஜாம் கண்டதில்லை.

1999இல் பரீட்சை. அப்போது வன்னியில் மலேரியா வீட்டுக்கு வீடு. அவளுக்கும் வந்தது. முதல் இரண்டு பாடமும் நடுங்கி நடுங்கி எழுதினாள், மூன்றாம் நாள் வர முடியவில்லை. நான் பாஸ். இலங்கையில் இனி மலேரியா இல்லை என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்த செய்தியை நான் படிப்பிக்கிற பாடசாலையில் காலைப் பிரார்த்தனையின்போது வாசித்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குக் கை வரவில்லை.

2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு நான் படிக்க வெளியே வந்துவிட்டேன். லீவில் போய் மூன்று தரம் பார்த்தேன். 2006இல் சண்டை மறுபடி தொடங்க, நான் வவுனியாவில், அவள் உள்ளே. 2009இல் சண்டை முடிந்த பிறகு நான் அவளைப் பற்றி ஒருவரிடமும் விசாரிக்கவில்லை. மறந்ததால் இல்லை. கேட்டால் "அவள் இல்லை" என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பயத்திலேயே இத்தனை வருடம் போய்விட்டது.

போன மாதம் பாடசாலைக்குப் புதிதாக வந்த ரீச்சர் முள்ளியவளை. கதையோடு கதையாகச் சொன்னா: அவள் இருக்கிறாள், அதே வளவில், தையல் தைக்கிறாள், இரண்டு பிள்ளைகள். அன்று நாலாம் பாடம் நான் படிப்பிக்கவில்லை.

என் கேள்வி இதுதான். என்ன முகத்தோடு போய் நிற்பது? முதலில் போன் எடுக்கவா? வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்கு வந்த சாட்டில் போகவா? என்ன கொண்டு போவது?

---

குளக்கட்டு எழுதுகிறார்:

தங்கச்சி, எனக்கு ஊர் அக்கராயன். எனக்கும் ஒருத்தன் இருந்தான். சைக்கிளைக் கவிழ்த்துவைத்து அவன் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் இருந்து வயர் இழுத்து நான் ரேடியோவைப் பிடிப்பேன். இரவில் பிபிசி தமிழோசை. பட்டறி கிடைக்காத காலம், ஊரே எங்களைச் சுற்றி இருந்து செய்தி கேட்கும். அவன் கை ஓய்ந்தால் செய்தியும் இழுபடும், யாராவது ஒரு பெரியவர் "சுத்தடா தம்பி" என்பார்.

பிறகு நான் வெளிநாடு போய், தொடர்பு விட்டுப்போய், உங்களைப் போலத்தான். 2017இல் தமிழோசை வானொலி நிற்கிறது என்று கேள்விப்பட்ட அன்று நம்பர் தேடி எடுத்து அடித்தேன். என்ன கதைப்பது என்று தெரியவில்லை. "தமிழோசை நிக்குதாமடா" என்றேன். "ஓம், கேட்டனான்" என்றான். ஒரு நிமிடம் ஒருவரும் பேசவில்லை. பிறகு விடியும்வரை கதைத்தோம்.

அதனால் மன்னிப்புக் கேட்கிற பேச்சைப் பாடமாக்கிக்கொண்டு போகாதீர்கள். விலை கூடின சீலை வேண்டாம், காசு அறவே வேண்டாம். அது கடன் தீர்க்க வந்த மாதிரி இருக்கும். பொங்கலுக்கும் போகாதீர்கள். அந்தச் சனத்துக்குள் எதைக் கதைப்பது? ஒரு சாதாரண நாளில் போங்கள்.

---

பாலைப்பழம் எழுதுகிறார்:

அக்கா, நான் உங்களுக்குப் பிந்தின ஆள். 2009இல் உயர்தரப் பரீட்சையை செட்டிகுளம் இடம்பெயர்ந்தோர் முகாமுக்குள் இருந்து எழுதினேன். புத்தகம் எல்லாம் வழியிலேயே போய்விட்டது. பக்கத்துக் கூடாரத்துப் பிள்ளை ஒன்று மனதில் இருந்த பொருளியல் குறிப்பு முழுவதையும் பழைய கடதாசிகளின் பின்பக்கம் எழுதித் தந்தது. தண்ணீர் வரிசையில் வாளியை வைத்துவிட்டு, பக்கத்தில் குந்தி இருந்து எழுதும். இன்றைக்கும் அதன் பிறந்தநாளுக்கு முதல் போன் கோல் என்னுடையதுதான்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். போன உடனே "அம்மா எங்க, தம்பி எங்க" என்று கேட்காதீர்கள். சுவரில் மாலை போட்ட படம் இருந்தால் பார்த்துக்கொண்டு பேசாமல் இருங்கள். அவ தானாகச் சொல்லுவா. சொல்லாவிட்டால் அடுத்த தரம் சொல்லுவா. எங்களைப் பார்க்க வந்த கனபேர் முதல் கேள்வியாகக் கேட்டது அதைத்தான். அது எவ்வளவு பாரம் என்று எனக்குத் தெரியும்.

---

மாங்குளம் சந்தி எழுதுகிறார்:

வவுனியாவில் இருந்து மாங்குளத்துக்கு ரயில், பிறகு ஒட்டுசுட்டான் தாண்டி முல்லைத்தீவு போகிற பஸ். அந்த வழியில்தான் முள்ளியவளை. காலையில் வெளிக்கிட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்கு நிற்கலாம். போன் எடுக்காதீர்கள், போங்கள். எடுத்தால் அவ சமைத்துக் களைத்துப் போவா.

---

தண்ணீரூற்று மறுபடி எழுதுகிறார்:

எல்லோருக்கும் நன்றி. போய் வந்துவிட்டேன்.

வவுனியா பஸ் நிலையத்துக்கு அருகில் உள்ள கடையில் ஒரு போத்தல் ஜாம், இரண்டு இறாத்தல் பாண். வேறொன்றும் வாங்கவில்லை. வளவு வாசலில் முன்பு நின்ற வேம்பு இல்லை, கிணறு மட்டும் அப்படியே. அவள் மெசினில் இருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். நான் பையில் இருந்து ஜாம் போத்தலை எடுத்து நீட்டினேன். வாங்கி, பழையபடி வெயிலில் தூக்கிப் பிடித்து அடியைப் பார்த்தாள். "இப்பவும் ஒழுங்காத் துடைக்கேல்லை" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் கதைக்க முடியவில்லை.

சுவரில் படங்கள் இருந்தன. பாலைப்பழம் சொன்னது போல ஒன்றும் கேட்கவில்லை. இரவு படுக்கும்போது தானாகச் சொன்னாள். அதை இங்கே எழுதவில்லை.

நான் ஏன் விசாரிக்கவில்லை என்று அவள் கேட்கவில்லை, நான்தான் சொன்னேன். "எனக்கும் அதே பயம்தான், நானும் கேக்கேல்லை" என்றாள். இது எனக்குத் தோன்றவே இல்லை. வவுனியாவுக்கும் முள்ளியவளைக்கும் இடையில் இரண்டு பேரும் ஒரே பயத்தோடு இருந்திருக்கிறோம்.

இரண்டு நாள் நின்றேன். மகள் இந்த முறை உயர்தரம், கலைப்பிரிவு. டியூப்லைட் வெளிச்சத்தில் மனதுக்குள் வாசித்துக்கொண்டிருந்தது. தாய் திரும்பிப் பார்த்து, "சத்தமா வாசி பிள்ளை, ரீச்சரும் கேக்கட்டும்" என்றாள். பிள்ளை வாசிக்க, நாங்கள் இரண்டு பேரும் பாயில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டோம்.

வெளிக்கிடுகிற அன்று காலையில் மிச்சப் பாணுக்கு ஜாமை வழித்துப் பூசிவிட்டு, பிள்ளை வெறும் போத்தலைக் குப்பைக்குக் கொண்டு போனது. "எறியாதை!" என்று இரண்டு பேரும் ஒன்றாகக் கத்திவிட்டோம். பிள்ளை வாசலில் அப்படியே நின்றுவிட்டது.

அவள் எழும்பிப் போய் வாங்கி, சாம்பல் தேடினாள். இப்போது காஸ் அடுப்பு, சாம்பல் இல்லை. கிணற்றடி மண்ணைப் போட்டு உரசிக் கழுவி, மெசினுக்கு மேலே உள்ள தட்டில் கவிழ்த்து வைத்தாள்.